நாலு தட்டல்

"சாவு அறிவிப்புக்கா? நம்ம பாட்டையா?"

"அதனால என்ன? ஒரு நாளைக்கு மூணு தடவை போடுவாங்க ஈமர். லண்டன்ல இருக்கிற பெரிய பேண்டுக்குக்கூட இந்த யோகம் கிடையாது."

"யாராவது செத்தாத்தானேடா போடுவாங்க."

"நம்ம மாவட்டத்துல என்னிக்கு ஆள் சாகாம இருந்திருக்காங்க? இதைவிட நிரந்தரமான வேலை எவனுக்குக் கிடைக்கும், சொல்லு."

நாலு வருஷத்துக்கு முன்னால், பழைய பால் கறக்கும் கொட்டகையில் நடந்த பேச்சு அது. தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. தம்பி ஓரன் தன் டிரம்ஸின் மேல் இரண்டு குச்சிகளையும் ஒட்டி வைத்து, அவற்றின் மேல் டீக் கோப்பையை நிறுத்தியிருந்தான். அவன் சிரிக்கச் சிரிக்கக் கோப்பை ஆடியதே தவிர விழவில்லை. ஈமரும் சிரித்தாள். கடைசியில் "சரி, போட்டுக்கட்டும் போ" என்று சொன்னவளும் அவள்தான். தம்பியைவிட இரண்டு வயது மூத்தவள், பாட்டை எழுதியவள், அவள் சரி என்றால்தான் எதுவும் சரி. இப்போது டப்ளினிலிருந்து ஊருக்குப் போகும் பேருந்தில், மடியில் ஒரு பழுப்பு நிறக் காகித உறையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அந்தக் கோப்பை ஆடியதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

உறைக்குள் ஒரே ஒரு தாள். அவளுடைய பாட்டை ஒரு பெரிய கம்பெனி தன் விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்ளப் போகிறது. அதற்கு அவர்கள் போட்ட நிபந்தனைகளில் ஒன்று, அந்தப் பாட்டு வேறெங்கும் வேறெதற்கும் அடையாளமாக இருக்கக் கூடாது என்பது. அயர்லாந்தின் நடுவில் ஏதோ ஒரு சின்ன வானொலி நிலையம் தினமும் மூன்று முறை இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பதற்கு முன்னால் அதைப் போடுகிறது என்று தெரிந்ததும் லண்டனில் இருக்கும் மேலாளர் சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "இதை முடிச்சுடு ஈமர், வெள்ளிக்கிழமைக்குள்ள" என்றார். நிலையத்தில் இருக்கும் பழைய பதிவை அழித்துவிட அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். அந்தப் பதிவுக்கு வேறு பிரதி கிடையாது. மூலம் ஓரனின் மடிக்கணினியில் இருந்தது. மடிக்கணினி அவன் காரில் இருந்தது.

கையெழுத்துப் போடுவதில் ஈமருக்குத் தயக்கம் ஒன்றும் இல்லை என்றே அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். விளம்பரம் ஒரு பக்கம் இருக்கட்டும், இது அம்மாவுக்காக. பெற்ற பிள்ளையின் பெயரை வாசிப்பதற்கு முன்னால் ஒலித்த இசையை ஒரு தாய் பதினைந்து மாதமாக, நாளுக்கு மூன்று முறை, சமையலறையில் நின்றுகொண்டு கேட்கிறாள். முன்பே செய்திருக்க வேண்டிய காரியம். அம்மாவிடம் முதலில் சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் கஷ்டம்.

அவள் ஊரான கில்லாரா பக்கத்தில் யாரும் பாட்டுக் கேட்பதற்காக ரேடியோ வைப்பதில்லை. காலை ஒன்பதேகால், மதியம் ஒன்றேகால், மாலை ஆறேகால் என்று மூன்று வேளை வானொலி அறிவிப்பாளர் மாலகியின் குரல் வரும். யார் போனார்கள், உடலை எந்த வீட்டில் வைத்திருக்கிறார்கள், பூசை எந்தக் கோவிலில், பூ வேண்டுமா வேண்டாமா என்று ஏற்ற இறக்கமில்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்லுவார். அந்த நேரத்தில் வாய்க்குக் கொண்டுபோன தேநீர்கூட நின்றுவிடும். ஒரு சாவுக்குப் போகாமல் விட்டுவிட்டால் அதை முப்பது வருஷம் கழித்தும் சொல்லிக் காட்டுகிற ஊர் அது. அறிவிப்புக்கு முன்னால் ஓர் ஆர்கன் இசை போடுவார்கள். அது தேய்ந்து கரகரத்துப் போன சமயத்தில்தான் மாலகி ஊர் மண்டபத்தில் இவர்கள் கச்சேரியைக் கேட்டார். மேடைக்குப் பின்னால் வந்து, "அந்த ஹார்மோனியம் மட்டும் வருதே முதல்ல, அந்த நாப்பது விநாடியைக் கொடுங்க போதும். அதுக்கப்புறம் நீங்க பண்ற சத்தம் வேண்டாம். செத்தவங்க எழுந்து உட்கார்ந்துடுவாங்க" என்றார்.

'தண்ணீர் வடியும் மாதம்' என்பது பாட்டின் பெயர். முதலில் ஓரன் இரண்டு குச்சிகளையும் ஒன்றோடொன்று மெதுவாகத் தட்டுவான். நாலு முறை. பிறகு ஈமர் மாதாகோவிலில் கழித்துக் கட்டிய ஹார்மோனியத்தை வாசிப்பாள், தனியாக. அதன் பிறகு குழுவில் இருந்த ரூரியின் கிட்டாரும் கஹலின் பேஸ் கிட்டாரும் வந்து எல்லாவற்றையும் தூக்கிப் போட்டு உடைக்கும். குழுவுக்கு 'வெட் ஹே', அதாவது ஈர வைக்கோல் என்று பெயர். ஈரம் காயாத வைக்கோலை அடுக்கி வைத்தால் அது உள்ளேயே சூடேறி ஒரு நாள் கொட்டகையையே கொளுத்திவிடும் என்று அப்பா ஜார்லத் ஓரனைத் திட்டித் தீர்த்த நாளில் அவனே சூட்டிய பெயர் அது.

இரண்டாவது கோடையில் ஊர்த் திருவிழாவுக்கு மைதானத்தில் கூடாரம் போட்டு இவர்களை வாசிக்கச் சொன்னார்கள். அதற்குள் டப்ளினில் இவர்கள் பெயர் தெரிய ஆரம்பித்திருந்தது. லண்டன் வானொலியில் ஒருவர் மூன்று நாள் தொடர்ந்து அந்தப் பாட்டைப் போட்டிருந்தார். கூடாரம் கொள்ளாத கூட்டம். நாலு தட்டல் விழுந்து ஹார்மோனியம் தொடங்கியதும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் எல்லாரும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்கள். தொப்பி வைத்திருந்தவர்கள் கழற்றினார்கள். பேச்சு நின்றது. யாருடைய பெயர் வரப்போகிறது என்று ஒரு மைதானமே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. ஈமர் ஓரன் பக்கம் திரும்பினாள். மேற்கொண்டு எப்படி வாசிப்பது? அப்போது ஓரன் மைக்கை இழுத்து, மாலகியின் குரலிலேயே சொன்னான்: "கில்லாரா கால்பந்துக் குழு. நேற்று மாலை, நீண்ட நாள் நோய்க்குப் பிறகு, அமைதியாக, சொந்த மைதானத்தில். பூ வேண்டாம். கோல் போடத் தெரிஞ்ச யாராவது இருந்தா அனுப்பி வைக்கவும்." கூடாரம் அதிர்ந்தது. மாலகியே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அம்மா கார்மெல் மட்டும், கையிலிருந்த தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரரிடம், "இவனுக்கு வாய்க்குப் பூட்டே கிடையாது" என்று சொன்னாளாம். அவள் முகம் அன்று எப்படிப் பூரித்திருந்தது என்று அந்த மனிதர் பிறகு துக்கத்துக்கு வந்தபோது ஈமரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. லண்டனில் ஓர் இசைத்தட்டுக் கம்பெனி ஒப்பந்தம் போட்டது. செப்டம்பரில் முதல் ஆல்பத்துக்கான ஒலிப்பதிவு. அப்பாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அந்த வருஷம் பார்த்து ஷானன் ஆறு முன்கூட்டியே ஏறத் தொடங்கியது. தாழ்ந்த வயல்களில் மேய்ந்துகொண்டிருந்த அறுபது மாடுகளையும் மேட்டுக்கு ஓட்டி வரவேண்டும். "நீங்க போங்க, நான் பத்து நாள்ல வந்துடறேன். என்னை விட்டுட்டு வாசிச்சுடாதீங்கடா திருட்டுப் பசங்களா" என்று சொல்லிவிட்டு ஓரன் ஊரில் தங்கினான். லண்டனில் ஒலிப்பதிவுக் கூடத்தை வைத்திருந்தவருக்குப் பத்து நாள் பெரிய விஷயம். கூலிக்கு வாசிக்கிற ஒருவரை அழைத்து வந்தார். நல்ல மனிதர், அளந்து வைத்தாற்போல வாசித்தார். முதலில் இரண்டு பாட்டு மட்டும் என்றார்கள். அப்புறம் நாலு. ஒன்பதாம் நாள் மாலை எல்லாப் பாட்டும் முடிந்துவிட்டிருந்தது. "தட்டி எண்ணுறதெல்லாம் வேண்டாம், நேரா ஹார்மோனியத்துலேயே ஆரம்பிக்கலாம், இன்னும் சுத்தமா இருக்கு" என்றார் கூடத்துக்காரர். யாரும் மறுக்கவில்லை.

"நீயே அவன்கிட்ட சொல்லிடு. அக்காக்காரி நீதானே" என்றான் ரூரி. ஈமர் அன்று போன் செய்தபோது பின்னணியில் மாடுகள் கத்தின. "என் இடம் இருக்கா?" என்று கேட்டான் ஓரன். "அப்படியேதான்டா இருக்கு. நீ வந்து வாசிச்சா அதுல சேர்த்துக்கலாம்" என்றாள். அக்டோபரிலும் அதையே சொன்னாள். நவம்பர் பிறந்தும் அதையே சொன்னாள். அவன் தினமும் கொட்டகையில் உட்கார்ந்து அந்தப் பத்துப் பாட்டையும் தனியாக வாசித்துப் பழகிக்கொண்டிருந்தான்.

நவம்பர் பதினொன்றாம் தேதி காலை, முடிந்த ஆல்பத்தைக் கம்பெனிக்காரர்கள் குழுவில் இருந்த நாலு பேருக்கும் மின்னஞ்சலில் அனுப்பினார்கள். நாலு பேருக்கும் என்பதை ஈமர் பகல் ஒரு மணிக்குத்தான் கவனித்தாள். போன் செய்தாள். அவன் எடுக்கவில்லை. மூன்றரை மணிக்கு அவன் கார் ஆற்றோரச் சாலையைவிட்டு இறங்கி, வெள்ளம் நின்ற வயலுக்குள் போயிற்று.

அது நேரான சாலை. அன்று மழை இல்லை, பனியும் இல்லை. "நவம்பர் வெயில் தாழ்வா வரும். நேரா கண்ணுல அடிச்சிருக்கும்" என்றார் போலீஸ்காரர். ஊர் முழுவதும் அந்த வார்த்தையை இறுகப் பிடித்துக்கொண்டது. துக்க வீட்டில் வரிசையில் நின்று கை குலுக்கியவர்கள் ஒவ்வொருவரும் "பாழாப்போன வெயில்" என்றார்கள். ஈமரும் "ஆமா, வெயில்" என்றாள். தண்ணீரில் ஊறிய போன் திறக்கவே இல்லை. அந்தப் பாட்டுகளை அவன் கேட்டானா, கேட்கவில்லையா என்பது அதற்குள்ளேயே இருந்துவிட்டது. மாலகி வீட்டுக்குப் போன் செய்து, வேறு இசை போடட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாராம். அம்மா, "எப்பவும் போடறதையே போடுங்க" என்று சொல்லிவிட்டாள். அப்படித்தான் ஓரன் தட்டி எண்ண, ஈமர் வாசிக்க, அவன் பெயர் வாசிக்கப்பட்டது. இருபத்திரண்டு வயது. கடைசி நாள் வீட்டில் குடும்பத்தாருக்கு மட்டும். பூ வேண்டாம்.

மார்ச்சில் ஆல்பம் வந்தது. உறையின் பின்பக்கம் 'ஓரனுக்கு' என்று ஒரு வரி இருந்தது. கூலிக்கு வாசித்தவரின் பெயர் எல்லாவற்றுக்கும் கீழே, 'உதவி' என்ற தலைப்பில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற அளவில் இருந்தது. பத்திரிகைகள் எழுதின: இறந்துபோன ஓர் இளைஞனின் கடைசி இதயத் துடிப்பு இந்த மேளத்தில் கேட்கிறது. படித்தவர்கள் அழுதார்கள். அழுதவர்கள் வாங்கினார்கள். கிளாஸ்கோவில் மூவாயிரம் பேர், சிகாகோவில் ஐயாயிரம் பேர், எல்லாரும் அந்தப் பாட்டுக்குக் கையை உயர்த்தி நின்றார்கள். பேட்டிகளில் அதைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் ஈமர் தலை குனிந்தாள். அது துக்கம் என்று எழுதினார்கள். திருத்துவதற்கு முதல் நாள் ஒரு நேரம் இருந்தது. அதை விட்ட பிறகு வேறு நேரம் வரவே இல்லை.

பேருந்திலிருந்து இறங்கி ஈமர் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஆறாகிவிட்டது. அம்மா சமையலறையில் சாண்ட்விச் வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தெருவில் ஹானலி வீட்டுக் கிழவர் முந்தின நாள் போய்விட்டார். நாளைக்குத் துக்க வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். "வா. சாப்பிட்டியா? மெலிஞ்சுட்ட. அமெரிக்காவுல சோறு போடறதில்லையா?" என்றாள். கன்னத்தோடு கன்னம் வைத்தாள். கையில் முட்டையும் வெங்காயமும் மணத்தன. அப்பா அடுப்பருகே நாற்காலியில் இருந்தார். ஈமரைப் பார்த்து, "ராஜகுமாரி வந்தாச்சு, செருப்பைக் கழற்றிட்டு வரச் சொல்லு" என்றார். பழைய அப்பாதான். ஆனால் சுவர்க் கடிகாரம் ஆறு பத்தைக் காட்டியதும் கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "மாட்டைப் பார்த்துட்டு வரேன்." மாடுகளுக்கு அந்நேரம் பார்க்க ஒன்றும் இல்லை.

குளிர்பெட்டியின் மேல் இருந்த ரேடியோவில் செய்தி முடிந்தது. அம்மாவின் கத்தி ரொட்டியில் பாதி இறங்கிய நிலையில் நின்றது. நாலு தட்டல். ஒவ்வொரு தட்டலுக்கும் அம்மாவின் தோள் லேசாக, மிக லேசாக அசைவதை ஈமர் பார்த்தாள். அடி வாங்குகிறவளைப் போல இருந்தது. ஹார்மோனியம் வந்ததும் அம்மாவின் கத்தி மறுபடி வேலையைத் தொடங்கியது. பெயர்கள் வந்தபோது அவள் ஒரு பழைய கடித உறையின் பின்னால் குறித்துக்கொண்டாள். ஈமர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதினைந்து மாதமாக, தினமும் மூன்று வேளையும் இப்படி. போனில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே.

கொட்டகைக்குப் போய் அப்பாவிடம் உறையைப் பற்றிச் சொன்னாள். அவர் ஒரு மாட்டின் முதுகில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டார். மூலையில் ஓரனின் டிரம்ஸ் மேல் தார்ப்பாய் போர்த்தியிருந்தது. தார்ப்பாய் மேல் கோழி எச்சம்.

"நிறுத்திடுவாங்கல்ல? நிச்சயமா?"

"நான் கையெழுத்துப் போட்டா நாளைக்கு சாயந்திரத்துலேருந்தே வராதுப்பா."

"நல்லது. அது வர்றப்பல்லாம் இங்க வந்துடறேன். மாடு யார் பேரையும் வாசிக்காது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்கம்மாகிட்ட நானே சொல்றேன். அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. என்னிக்கு எதைச் சொல்லியிருக்கா?" என்றார்.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரரின் காரை இரவல் வாங்கிக்கொண்டு மதியம் ஒரு மணிக்குக் கிளம்பினாள். வானொலி நிலையம் இருபது கிலோமீட்டரில், மாவட்டத் தலைநகரில். அம்மா சாண்ட்விச் அடுக்கிய பெரிய பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து காரில் ஏறினாள். "நானும் வரேன். திரும்பி வர்றப்போ ஹானலி வீட்டுல என்னை விட்டுடு." கறுப்புக் கோட்டு, துக்க வீட்டுக்குப் போடும் காலணி. உறை முன்கண்ணாடிக்குக் கீழே கிடந்தது. அம்மா அதைப் பார்த்தாள், தொடவில்லை. வழியில் ஹானலிக் கிழவரைப் பற்றிப் பேசினாள். கடைசி மூன்று மாதம் பெண்டாட்டியை அடையாளம் தெரியவில்லையாம், நாயை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். "அந்த அம்மாவுக்கு நாய்மேல பொறாமை. இப்ப நாய்க்குச் சோறு வைக்கிறது அவதான்" என்றாள்.

ஆற்றோரச் சாலை வந்தது. பிப்ரவரி வெள்ளம் இரண்டு பக்கமும் வேலிக்கம்பத்தின் பாதிவரை நின்றது. தண்ணீருக்கு நிறமே இல்லை. தூரத்தில் பத்துப் பன்னிரண்டு அன்னப் பறவைகள் வயல் இருந்த இடத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. பன்றிப் பண்ணையின் பாழடைந்த சுவரைத் தாண்டியதும் ஈமர் வழக்கம்போல வேகத்தைக் கூட்டினாள். அந்த இடத்தை அவள் எப்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கடப்பாள்.

"இங்க நிறுத்து" என்றாள் அம்மா.

வேலியில் ஒரு சின்ன வெள்ளைச் சிலுவை. அதன் குறுக்குக் கட்டையில் அவன் நண்பர்கள் கட்டிவிட்டுப் போன இரண்டு டிரம்ஸ் குச்சிகள், மழையில் கறுத்து, தோல் உரிந்து. ஈமர் காரை ஓரமாக நிறுத்தினாள். அம்மா இறங்கவில்லை. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, மடியில் இருந்த டப்பாவை நேராக்கி, கை நீட்டி ரேடியோவைப் போட்டாள். மணி ஒன்றேகாலுக்கு ஒரு நிமிஷம் இருந்தது.

"அம்மா, வேண்டாமே."

"சத்தத்தைக் கூட்டு. இந்தக் கார்ல எந்தப் பொத்தான்னு தெரியலை."

ஈமர் கூட்டினாள். செய்தி முடிந்தது. ஒரு நொடி ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாத இடத்தில் யாரோ மூச்சை உள்ளிழுக்கும் சத்தம் கேட்டது. சின்னச் சத்தம், மூக்கடைப்பு உள்ளவன் இழுப்பதுபோல. அது அந்தப் பதிவில் இருப்பதே ஈமருக்கு இதுவரை தெரியாது. அதற்கப்புறம் நாலு தட்டல். அம்மாவின் ஆள்காட்டி விரல் டப்பாவின் மூடிமேல் நாலு முறை விழுந்தது. தட்டலைக் கேட்டுப் பின்னால் விழவில்லை. அதனோடு சேர்ந்தே விழுந்தது. முந்தின நாள் மாலை அம்மாவின் தோள் அசைந்தது எதற்காக என்று ஈமருக்கு இப்போது புரிந்தது. புரிந்ததும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மாலகி பெயர்களைத் தொடங்கினார். அம்மா தானே பொத்தானைக் கண்டுபிடித்துச் சத்தத்தைக் குறைத்தாள். அறிவிப்பின் நடுவில் அவள் சத்தத்தைக் குறைத்து ஈமர் பார்த்ததே இல்லை.

"மூச்சு இழுக்கிறான் பாரு, முதல்ல" என்றாள் அம்மா. "சின்னப் பிள்ளையிலேருந்தே அப்படித்தான். தண்ணில குதிக்கிறதுக்கு முன்னாடி. பொய் சொல்றதுக்கு முன்னாடி. அந்த மூச்சைக் கேட்டாலே எனக்குத் தெரிஞ்சுடும், ஏதோ புளுகப் போறான்னு."

ஈமர் கண்ணாடிக்கு வெளியே சிலுவையைப் பார்த்தாள்.

"உன் ஆல்பம் வந்தப்போ மாட்டுத் தீவனக் கடையில போட்டாங்க. மூட்டைமேல கையை வச்சுக்கிட்டு நின்னேன். கடைக்காரப் பையன் பெருமையா சத்தத்தைக் கூட்டினான். நான் காத்துக்கிட்டே இருந்தேன். மூச்சு வரலை. தட்டலும் வரலை. எடுத்த எடுப்பிலேயே நீ வந்துட்ட. அப்புறம் மேளம் வந்துச்சு. நல்லாத்தான் வாசிச்சிருந்தாங்க, யாரோ." அம்மா டப்பாவின் விளிம்பில் ஒட்டியிருந்த ரொட்டித் தூளை விரலால் ஒற்றி எடுத்தாள். "அந்தப் பத்துப் பாட்டையும் ரெண்டு மாசமா கொட்டகையில அடிச்சுக்கிட்டிருந்தான். துணி காயப்போட்டுக்கிட்டே கேட்டவ நான். எனக்குத் தெரியாதா? அப்புறம் பத்திரிகையில எல்லாம் எழுதினாங்க, அவனோட கடைசி வாசிப்புன்னு. வருஷத் திவசப் பூசையில ஃபாதர்கூடச் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன்."

"அம்மா. அன்னிக்குக் காலையில அவனுக்கு ஒண்ணு போச்சு. நான் அதை—"

"சொல்லாத." அம்மாவின் குரல் உயரவில்லை. "வெயில்னு சொல்லியாச்சு. வெயிலாவே இருக்கட்டும். அதுக்கு மேல என்னால தூக்க முடியாது. உன்னாலயும் முடியாது."

ஓர் அன்னம் தண்ணீரைவிட்டு எழும்ப முயன்று, சிறகால் வெகுதூரம் தண்ணீரை அடித்துக்கொண்டே போய், எழும்பாமல் மறுபடி உட்கார்ந்தது. ஈமரின் கன்னத்தில் வழிந்ததை அவள் துடைக்கவில்லை. அம்மாவும் துடைத்துவிடவில்லை. கறுப்புக் கோட்டின் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, இரண்டு பேருக்கும் நடுவில், கியர் கம்பியின் பக்கத்தில் வைத்தாள்.

"அந்த உறையில என்ன இருக்குன்னு உங்கப்பா ராத்திரி சொன்னார். அது நின்னுட்டா அவருக்கு நிம்மதி. பாவம், ஒரு வருஷத்துக்கு மேலா தொழுவத்துல போய் நிக்கிறார் மனுஷன், அவரை நான் குத்தம் சொல்லலை. உனக்கு அந்த விளம்பரம் வேணும். அதுவும் தப்பில்லை, உன் பாட்டு. ரெண்டு பேரும் எனக்காகத்தான் இதைச் செய்யறோம்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்க. என்னை ஒரு வார்த்தை யாரும் கேக்கலை."

"நீ சொல்லியிருக்கலாமேம்மா."

"நீ போன் பண்றப்பல்லாம் சொல்லணும்னுதான் எடுப்பேன். உன் பின்னால ஆளுங்க சத்தம் கேக்கும், சிரிப்பு கேக்கும். அவசரமா பேசுவ. சரி, அடுத்த தடவைன்னு விட்டுடுவேன்." அம்மா முன்கண்ணாடிக்குக் கீழே கிடந்த உறையை எடுத்தாள். பிரிக்கவில்லை. சாண்ட்விச் டப்பாவின் மேல் வைத்து, அதன்மேல் தன் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள். ரேடியோவில் மாலகியின் குரல், தாழ்த்திய சத்தத்தில், யாருடைய வீட்டுக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தது. வேலியில் கட்டியிருந்த குச்சிகள் இரண்டும் காற்றில் ஒன்றையொன்று தொடப் பார்த்துத் தொடாமல் ஆடின. அம்மா அவற்றைப் பார்த்துக்கொண்டே மூச்சை உள்ளுக்கு இழுத்தாள்.

"அதை அழிச்சுடாத, ஈமர். நான் இருக்கிற வரைக்கும் வேண்டாம். ஒரு நாள் மாலகி என் பேரையும் வாசிப்பார். அன்னிக்கு ஒரே ஒரு தடவை, எனக்கும் அவனே எண்ணி விடட்டும்."